தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குவாண்டம் தொழில்நுட்பத்துக்கு அடித்தளம் அமைக்க எங்கிருந்து தொடங்குவது?

தகடூர் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டத்து அரசுக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கிறேன். தேசியக் குவாண்டம் இயக்கத்துக்கு 2023 ஏப்ரல் 19 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2030-31 வரைக்கும் அதற்கான மதிப்பீடு 6,003.65 கோடி ரூபாய். அதன் நான்கு மையங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும், சென்னை, மும்பை, டெல்லி ஐஐடிகளிலும் அமைந்துவிட்டன. பக்கத்து ஆந்திரத்தில், அமராவதியில் குவாண்டம் பள்ளத்தாக்கு என்ற பெயரில் ஒரு வளாகத்தைத் திட்டமிட்டு, ஐபிஎம் நிறுவனத்தின் 156 கியூபிட் (குவாண்டம் தகவலின் அடிப்படை அலகு) குவாண்டம் கணினியை அங்கே நிறுவப்போவதாக 2025-இல் அறிவித்தார்கள். இந்த வரைபடத்தில் நம் இரு மாவட்டங்களும் சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே நெடுஞ்சாலை கடந்து போகும் நிலப்பகுதியாக மட்டுமே இருக்கின்றன.

என் மாணவர்கள் ஹைட்ரஜன் அணுவுக்கான ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைக் கரும்பலகையில் பிழையில்லாமல் தீர்க்கிறார்கள். ஆனால் ஒரு குவாண்டம் நிலையைக் கருவி வைத்து அளந்து பார்த்தவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. பெரும்பாலோர் எங்கள் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். படிப்பை முடித்ததும் பி.எட்., போட்டித் தேர்வு, அல்லது ஓசூர்த் தொழிற்சாலையில் படித்த இயற்பியலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு வேலை என்று பிரிந்துவிடுகிறார்கள்.

குவாண்டம் கணினியை வாங்கி வைப்பதைப் பற்றி நான் கேட்கவில்லை. அதற்கான பணமும் நம்மிடம் இல்லை, வாங்கினாலும் பராமரிக்கும் ஆட்களும் இல்லை. ஆய்வு நிறுவனமே இல்லாத ஒரு மாவட்டம், கல்லூரி ஆய்வகத்தையும் இங்கே ஏற்கெனவே இருக்கும் தொழில்களையும் வைத்துக்கொண்டு, இந்தத் துறையில் நிலைத்து நிற்கும் ஒரு பங்கைப் பெற முடியுமா என்பதே என் கேள்வி. நம்மைப் போன்ற நிலையில் இருக்கும் பிற நாடுகள் என்ன செய்திருக்கின்றன என்று தெரிந்தவர்கள் அதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாரூர் ஆய்வாளர்:

வணக்கம் அம்மா. நானும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரன்தான். பெங்களூரில் அணுக்களை லேசரால் மிகவும் குளிரவைத்து ஆராயும் ஒரு குளிர்அணு ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்கிறேன். உங்கள் கேள்வியின் முதல் பகுதிக்கு, அதாவது கல்லூரி ஆய்வகத்தில் எதைச் செய்யலாம் என்பதற்கு, என்னிடம் உறுதியான பதில் ஒன்று இருக்கிறது: வைரத்தில் தொடங்குங்கள்.

செயற்கை வைரத்தில் ஒரு கார்பன் அணுவின் இடத்தில் நைட்ரஜன் அமர்ந்து, அதை ஒட்டிய இடம் காலியாக இருந்தால், அந்த இணை ஒற்றை அணுவைப் போலவே நடந்துகொள்ளும். 532 நானோமீட்டர் பச்சை லேசர் ஒளியை அதன்மேல் பாய்ச்சினால் சிவப்பாக ஒளிரும். பக்கத்தில் ஒரு செப்புக் கம்பி வளையத்தை வைத்து அதில் நுண்ணலையைச் செலுத்தி, அதிர்வெண்ணை மெல்ல மாற்றிக்கொண்டே வந்தால், 2.87 கிகாஹெர்ட்ஸ் அருகே அந்தச் சிவப்பொளி சட்டென்று சற்று மங்கும். அந்த மங்கல் ஒளி வரைபடத்தில் ஒரு குழியாகத் திரையில் தோன்றும் தருணத்தில் மாணவர் பார்ப்பது எலக்ட்ரான் தற்சுழற்சி ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுவதைத்தான். பிறகு ஒரு சிறு காந்தத்தை அருகில் கொண்டுவரச் சொல்லுங்கள். குழி இரண்டாகப் பிளக்கும். நைட்ரஜனையும் காலியிடத்தையும் இணைக்கும் அச்சுவழியே விழும் காந்தப்புலத்தில் ஒவ்வொரு காஸுக்கும் (காந்தப்புல அலகு) ஒவ்வொரு குழியும் சுமார் 2.8 மெகாஹெர்ட்ஸ் விலகும். காந்தப்புலத்தில் ஆற்றல் நிலைகள் பிரிவதாகப் பாடப்புத்தகத்தில் உள்ள சீமன் விளைவு கண்ணெதிரே அளவுகோலாக மாறிவிடும். இதற்கு நிர்வாதமும் (காற்றை அகற்றிய வெற்றிடம்) வேண்டாம், திரவ ஹீலியமும் வேண்டாம், அறை வெப்பநிலையே போதும். தேவையானவை ஒரு லேசர், சிவப்பு வடிகட்டி, ஒளி உணரி, ஏடிஎஃப்4351 போன்ற மலிவான நுண்ணலைப் பலகை, நைட்ரஜன் குறைபாடுகள் கொண்ட சிறு வைரப் படிகம், லேசருக்கான பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவை. கண்ணாடியை மட்டும் எக்காரணத்தைக்கொண்டும் தவிர்த்துவிடாதீர்கள்.

ஒற்றை ஃபோட்டான் (ஒளித்துகள்) சோதனைகளை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிவைப்பது நல்லது. உணரிகளின் விலை ஒரு கல்லூரித் துறையின் கைக்கு எட்டாது.

பாடத்திட்டப் பக்கத்திலும் ஒரு வாய்ப்பு திறந்திருக்கிறது. இளநிலைப் பட்டப்படிப்பில் குவாண்டம் தொழில்நுட்பத்தைத் துணைப்பாடமாக எடுப்பதற்கான மாதிரிப் பாடத்திட்டத்தை 2024 டிசம்பரில் ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயும் வெளியிட்டன. பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியும் தருமபுரி அரசுப் பொறியியல் கல்லூரியும் உங்களைப் போன்ற கலைக்கல்லூரிகளும் சேர்ந்து ஒரே ஆய்வகத்தைப் பகிர்ந்துகொண்டால், எந்த ஒரு கல்லூரியும் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

மற்ற நாடுகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2010 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது தென்னாப்பிரிக்காவின் டர்பன் விளையாட்டரங்கத் தகவல் இணைப்பு ஒன்றை, ஒட்டுக்கேட்டால் தெரிந்துவிடும்படி ரகசியச் சாவியை அனுப்பும் குவாண்டம் சாவிப் பகிர்வு முறையால் பாதுகாத்தார்கள். அந்த நகரத்தின் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகக் குழு அதற்கு முன்பிருந்தே அந்தத் துறையில் வேலை செய்துகொண்டிருந்ததால்தான் அது கைகூடியது. 2025-ஐக் குவாண்டம் அறிவியல், தொழில்நுட்பத்துக்கான பன்னாட்டு ஆண்டாக அறிவிக்கும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபையில் முன்மொழிந்த நாடு கானா. ஆகவே இது பணக்கார நாடுகளின் தனிச்சொத்து என்ற எண்ணம் வெளியே ஏற்கெனவே கலையத் தொடங்கிவிட்டது.

ஆனால் நமக்கு மிகவும் பயன்படும் பாடத்தை நான் பின்லாந்திலும் போலந்திலும் பார்க்கிறேன். மின்தடை இல்லாத மீக்கடத்திகளால் செய்த கியூபிட்டுகள், தனிச்சுழி வெப்பநிலையை ஒட்டிய பத்து, இருபது மில்லிகெல்வின் குளிரில்தான் வேலை செய்யும். அந்தக் குளிரைத் தரும் நீர்ப்புக் குளிர்பதனிகளை (dilution refrigerator) உலகில் ஒருசில நிறுவனங்களே செய்கின்றன. அவற்றில் முன்னணியில் இருப்பது ஹெல்சின்கியில் 2008-இல் தொடங்கப்பட்ட புளூஃபோர்ஸ். அந்நகரை ஒட்டிய எஸ்போவில் 1965-இல் ஒல்லி லவுனாஸ்மா நிறுவிய தாழ்வெப்ப ஆய்வகம் நாற்பது ஆண்டுகளாக ஆட்களைப் பழக்கி வைத்திருந்ததால் அந்த நிறுவனம் பிறந்தது. குவாண்டம் கணினி செய்யும் ஐகியூஎம் அங்கே உருவானது அதற்கும் பிறகு, 2018-இல். போலந்தின் கதை வேறு. மின்னூட்டமுள்ள அணுக்களைப் பிடித்து வைக்கும் அயனிப் பொறிகளை இயக்குவதற்கான சினாரா என்ற மின்னணுப் பலகைகளின் வரைபடங்கள் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளிப்படையாகக் கிடக்கின்றன. போலந்தின் கிரியோடெக் நிறுவனம் அவற்றைச் செய்து பல நாட்டு ஆய்வகங்களுக்கு விற்கிறது. கியூபிட் செய்யாமலே குவாண்டம் துறையில் நிற்கலாம் என்பதற்கு இவ்விரண்டும் சான்று. எங்கள் ஆய்வகத்தில் ஆடி தாங்கி, நிர்வாதக் குழாய், காந்தச் சுருள் என்று எதைத் தொட்டாலும் பெரும்பாலும் வெளிநாட்டுப் பெயர்தான் பொறித்திருக்கிறது. ஒரு சிறு இணைப்புத் துண்டு உடைந்தால்கூட அது கடல் கடந்து வரும்வரை சோதனை நின்றுபோகிறது. உலோக வேலைப் பட்டறைகள் நிறைந்த ஓசூரோ பெங்களூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்தான்.

சிப்காட் பட்டறை:

பேராசிரியருக்கும் தம்பிக்கும் வணக்கம். ஓசூரில் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். கணினி வழி இயங்கும் இரண்டு விஎம்சி அரவை இயந்திரங்கள், மூன்று சிஎன்சி லேத், டிக் வெல்டிங். வாகன உதிரிபாகங்களுக்கான ஜாப் ஒர்க் எங்கள் பிழைப்பு. தம்பி கடைசியாகச் சொன்னதைப் பற்றி நான் விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் பெங்களூர் ஆய்வகங்களுக்கு நிர்வாதக் கலன்களைச் செய்து கொடுத்த அனுபவம் எங்களுக்கு ஓரளவு உண்டு.

எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கு இது விருப்பத்தின்பாற்பட்ட ஒன்றாக மட்டும் இல்லை. எஞ்சின் பாகங்களைச் செய்து வாழும் பட்டறைகள் இங்கே ஏராளம். மின்சார வண்டியில் பிஸ்டனும் இல்லை, வால்வும் இல்லை. போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலை வந்த பிறகு இதை யாரும் எங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த தலைமுறைக்கு வேறு வேலை வேண்டும்.

நிர்வாதக் கலன் வெளிப்பார்வைக்கு ஒரு துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரம்தான். ஆனால் உள்ளே இருக்கும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் லட்சம் கோடியில் ஒரு பங்கு அளவுக்கோ அதற்கும் கீழேயோ போக வேண்டும். அதனால் வேலையின் இலக்கணமே மாறிவிடுகிறது. இரண்டு ஃபிளான்ஜ்களுக்கு (குழாய்களை இணைக்கும் விளிம்புத் தட்டுகள்) நடுவே ரப்பர் வைக்க முடியாது, செப்பு வளையம்தான் வைக்க வேண்டும். ஃபிளான்ஜின் முகத்தில் கத்தி விளிம்பு போல ஒரு வட்ட முகடு கடைந்திருக்கும். போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கும்போது அந்த விளிம்பு செம்புக்குள் இறங்கிக் கடித்து அடைக்கிறது. அந்த விளிம்பில் நகக்கீறல் அளவு கோடு விழுந்தாலும் அந்த ஃபிளான்ஜ் குப்பைக்குத்தான். செப்பு வளையத்தையும் ஒருமுறைக்குமேல் பயன்படுத்த முடியாது.

வெல்டிங்கை நாம் வழக்கமாக வெளிப்புறம் போடுவோம். இங்கே நிர்வாதம் இருக்கும் உட்புறத்தில், இடைவெளியே இல்லாமல் ஒரே ஓட்டமாகப் போட வேண்டும். வெளியே மட்டும் போட்டால் உள்ளே இரண்டு தகடுகளுக்கு நடுவே மயிரிழைச் சந்து ஒன்று நின்றுவிடும். அதில் சிக்கிய காற்று மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். வெளியிலிருந்து எவ்வளவு தேடினாலும் ஓட்டை கிடைக்காது. அதே காரணத்துக்காக அடி மூடிய மரைத்துளையில் சாதாரணத் திருகைப் போடக்கூடாது, நடுவில் துளையிட்ட திருகு வேண்டும். பித்தளையை உள்ளே அனுமதிக்க மாட்டார்கள், ஏனெனில் கலனைச் சூடேற்றும்போது அதிலிருக்கும் துத்தநாகம் ஆவியாகி எல்லாவற்றின்மேலும் படியும். காட்மியம் பூசிய போல்ட்டுக்கும் அதே விதி. கந்தகமோ சிலிக்கோனோ கலந்த வெட்டெண்ணெய் கூடாது. கழுவிய பிறகு வெறுங்கையால் தொடக்கூடாது, விரல் ரேகையில் இருக்கும் எண்ணெய்ப் பசையே போதும், அழுத்தம் இறங்காது. எல்லாம் முடிந்த பின் கலனை நாட்கணக்கில் 150 முதல் 200 டிகிரியில் சுட்டு, உலோகத்தில் ஒட்டியிருக்கும் நீராவியை வெளியேற்றுகிறார்கள்.

இவற்றில் எதுவும் ஓசூர் ஆட்களின் கைக்கு எட்டாதது இல்லை. மைக்ரான் கணக்கு எங்களுக்குப் புதிதல்ல. 1980-களில் டைட்டன் இங்கே வந்தபோது கைக்கடிகாரம் செய்த முன்னனுபவம் இந்த ஊருக்கு ஏது? பள்ளிப்படிப்பு முடித்த பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்துத்தான் அந்தத் தொழிலை வளர்த்தார்கள். அரசு ஐடிஐயில் வெல்டர் படிப்பை முடித்த ஒரு பையனுக்கு மேலே சொன்னவற்றைச் சில மாதங்கள் கூடவே வைத்துச் சொல்லிக்கொடுத்தால் அவன் பிடித்துக்கொள்வான்.

தடையாக நிற்பவை வேறு. முதலாவது, ஹீலியம் கசிவுச் சோதனைக் கருவி. கலனின் உள்ளே நிர்வாதமாக்கி, வெளியே இணைப்புகளின்மேல் ஹீலியத்தை மெல்லிய குழாயால் ஊதி, உள்ளே ஓர் அணுவாவது நுழைகிறதா என்று அது மோப்பம் பிடிக்கும். அது இல்லாமல் செய்த கலனை யாரும் நம்பி வாங்க மாட்டார்கள். அதன் விலை ஒரு சிறு பட்டறையால் தாங்கக்கூடியது இல்லை, அதுவும் ஆண்டுக்குச் சில கலன்களே செய்யும் பட்டறையால் நிச்சயமாகத் தாங்க முடியாது. ஆனால் ஒன்றிய அரசின் சிறுதொழில் கூட்டுக் குழுமத் திட்டத்தில் பொது வசதி மையம் அமைக்க மானியம் உண்டு. கசிவுச் சோதனை, சுத்தம் செய்யும் தொட்டிகள், சூடேற்றும் அடுப்பு ஆகிய மூன்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்தால் பத்துப் பதினைந்து பட்டறைகள் பயன்படுத்தலாம். மாவட்டத் தொழில் மையத்தில் இதைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறோம்.

இரண்டாவது, பணம் வரும் காலம். வாகன நிறுவனங்களின் ஆர்டர் பெரியது, தவணை தெரிந்தது. ஆய்வு நிறுவனத்தின் ஆர்டர் ஒன்றோ இரண்டோதான். டிராயிங் நடுவில் மாறும். பொருளைக் கொடுத்து முடித்து ஓர் ஆண்டு நெருங்கியும் பணம் வராத ஒரு வேலை எங்களுக்கு இருந்தது. அறிவியலின் மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும், சனிக்கிழமை சம்பளம் போட வேண்டியவன் அப்படி எத்தனை முறை தாங்குவான்? அரசு உண்மையிலேயே சுற்றுவட்டாரத் தொழிலை வளர்க்க நினைத்தால், தேசியக் குவாண்டம் இயக்கத்தின் நிதியில் வாங்கும் கலன்களுக்கும் தாங்கிகளுக்கும் முன்பணம் கொடுப்பதை விதியாக்கட்டும். மானியத்தைவிட எங்களுக்கு அது பெரிய உதவி.

பென்னாகரம் தலைமையாசிரியர்:

எல்லோரும் அக்கறையோடுதான் எழுதுகிறீர்கள், அதில் எனக்கு ஐயமில்லை. இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பகுதி மேல்நிலைப் பள்ளிகளில் நிறமாலைமானி ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பே வரிசையில் நிற்கிறது. மலைக்கிராமத்திலிருந்து வரும் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் லேசரைக் கையில் பிடித்ததில்லை. இந்த நிலையில் குவாண்டம் என்ற பெயரில் வரும் பணமும் கவனமும் ஏற்கெனவே வசதி உள்ளவர்களிடமே போய்ச் சேராது என்பதற்கு என்ன உறுதி? கட்டடம் எழும், பெயர்ப்பலகை வைப்பார்கள், திறப்பு விழா நடக்கும்; பயிற்சிக்கு ஆள் இருக்காது. முதலில் பள்ளி ஆய்வகங்களைச் சரிசெய்யுங்கள் என்பதே என் கருத்து.

காவேரிப்பட்டணம் மென்பொருள்:

தலைமையாசிரியர் ஐயா எழுப்பியது நியாயமான கேள்வி. அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை என்றாலும், கட்டடமும் கருவியும் இல்லாமல் இன்றே தொடங்கக்கூடிய ஒரு பகுதியைச் சொல்கிறேன்.

போதுமான அளவு பெரிய குவாண்டம் கணினி உருவானால் இணையத் தகவல்களைக் காக்கும் இன்றைய ஆர்எஸ்ஏ குறியாக்கத்தை உடைத்துவிடலாம் என்று பீட்டர் ஷோர் 1994-இலேயே காட்டிவிட்டார். அதைத் தாங்கக்கூடிய புதிய முறைகளுக்கு அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2024 ஆகஸ்டில் முதல் மூன்று தரநிலைகளை வெளியிட்டது. இவை சாதாரணக் கணினியிலேயே ஓடுபவை. இனி ஒவ்வொரு வங்கியும் மருத்துவமனையும் அரசு அலுவலகமும் தம் மென்பொருளில் எங்கெங்கே பழைய குறியாக்கம் இருக்கிறது என்று கணக்கெடுத்து மாற்ற வேண்டும். பத்திரப் பதிவில் இன்று இடும் மின்னணுக் கையொப்பம் முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு நிலத் தகராறு நீதிமன்றத்துக்கு வரும்போதும் நம்பத்தக்கதாக இருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். இந்தக் கணக்கெடுப்புக்கும் மாற்றத்துக்கும் ஏராளமான ஆட்கள் தேவைப்படுவார்கள், நம் கல்லூரிகளில் கணினி அறிவியல் படிப்பவர்களுக்கு அந்தப் பயிற்சியைக் கொடுப்பது கடினமில்லை. ஐபிஎம் 2016-இலிருந்து தன் குவாண்டம் கணினியை இணையவழி பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருப்பதால், நிரல் எழுதிப் பழகவும் வழி உண்டு. ஆனால் அதை மட்டும் கற்றுக்கொண்டால் வேலை கிடைத்துவிடும் என்று மாணவர்களுக்கு ஆசை காட்டுவதை நான் ஏற்கவில்லை.

தகடூர் ஆசிரியை:

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் நன்றி. தலைமையாசிரியர் ஐயாவுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். உங்கள் அச்சம் எனக்கும் உண்டு. ஆகவே வைரச் சோதனையை எங்கள் துறையின் பூட்டிய அறைக்குள் வைக்காமல், ஒரு பெட்டிக்குள் அடங்கும்படி அமைத்து, பென்னாகரம், அரூர், பாலக்கோடு பள்ளிகளுக்கு எடுத்துச் செல்லும் வகையில் திட்டமிடப்போகிறேன். லேசர் முழுவதும் மூடிய பெட்டிக்குள் இருந்தால் பள்ளியிலும் பாதுகாப்பாகக் காட்டலாம், குழி பிளப்பதை மடிக்கணினித் திரையில் எல்லாப் பிள்ளைகளும் பார்க்கலாம். இது பள்ளி ஆய்வகத்தின் குறையைத் தீர்த்துவிடாது. அந்தக் கோரிக்கையை நீங்கள் எழுப்பும் இடத்தில் நானும் கையெழுத்திடுவேன்.

பட்டறை ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் முதுகலை மாணவர்கள் இரண்டு பேரைக் கோடை விடுமுறையில் உங்களிடம் அனுப்பினால், நிர்வாதக் கலன் ஒன்று டிராயிங்கிலிருந்து கசிவுச் சோதனை வரை போவதைக் கூட இருந்து பார்க்க விடுவீர்களா? எஃகைத் தொட்டறியாத இயற்பியல் மாணவரும், எதற்காக இவ்வளவு சுத்தம் என்று அறியாத வெல்டரும் தனித்தனியாக இருக்கும்வரை இந்த வேலை நம் ஊரில் வேர்பிடிக்காது என்று உங்கள் பதிவைப் படித்தபோது தோன்றியது.

சிப்காட் பட்டறை:

தாராளமாக அனுப்புங்கள் அம்மா. மே மாதம் ஒரு சிறிய கலன் வேலை இருக்கிறது. 316எல்என் எஃகு, பக்கவாட்டில் ஆறு ஃபிளான்ஜ்கள். காந்தச் சுருளுக்கு நடுவே உட்காருவது என்பதால் 304 வேண்டாம் என்றார்கள், வெல்டிங் போட்ட இடத்தில் அது சற்றே காந்தத்தன்மை பெற்றுவிடும். மூடிய காலணியும் பருத்திச் சட்டையும் போட்டு வரச் சொல்லுங்கள். தம்பி, கலனின் டிராயிங்கில் ஜன்னல் கண்ணாடிகளின் இடம் இன்னும் முடிவாகவில்லை. லேசர் கற்றை எந்தக் கோணத்தில் நுழையும் என்று மாணவர்களுக்கு நீங்கள் ஒரு நாள் வந்து விளக்கினால், எங்கள் ஆட்களும் கூட உட்கார்ந்து கேட்பார்கள்.

பாரூர் ஆய்வாளர்:

வருகிறேன் அண்ணா. ஊருக்கு வரும் வழிதான், சனிக்கிழமை காலையில் வந்துவிடுகிறேன். 780 நானோமீட்டர் ஒளிக்கு எந்தப் பூச்சுள்ள கண்ணாடி வேண்டும் என்ற விவரத்தையும், பழைய கலன் ஒன்றின் கழற்றிய ஃபிளான்ஜையும் கொண்டுவருகிறேன். கத்தி விளிம்பு செம்பில் பதிந்த தடத்தை மாணவர்கள் உருப்பெருக்கியில் பார்க்கட்டும்.